ஓர் அணாவும் வெள்ளுடை வேந்தரும்

சுங்குவார்சத்திரத்துச் சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்கு நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். நாடு உறங்கும் அந்த நேரத்தில் அந்தச் சாலை உறங்குவதில்லை. இரவு முறை முடித்தவர்களை இறக்கிவிட்டு, காலை முறைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொள்ள ஆலைப் பேருந்துகள் வரிசையாக நிற்கும். விழுப்புரத்துப் பெண், திருவண்ணாமலைப் பெண், ஒடிசாவிலிருந்து வந்த இளைஞன், பீகாரிலிருந்து வந்த இளைஞன் - எல்லோர் கையிலும் ஒரு தேநீர்க் குவளை. கூட ஒரு பன், அல்லது நான்கு பிஸ்கட். காரும் அலைபேசியும் செய்து உலகுக்கு அனுப்புகிற கைகள் அவை. அந்தக் கைகளுக்குரிய வயிற்றில் அப்போது என்ன இருக்கிறது? சர்க்கரைத் தண்ணீர் இருக்கிறது!

அதே சாலையில், 2021ஆம் ஆண்டு டிசம்பர் நடுவில், ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை மணிக்கணக்கில் நின்றது. அவர்கள் உட்கார்ந்தது கூலி உயர்வு கேட்டா? போனசு கேட்டா? இல்லை தோழர்களே, சோற்றுக்காக உட்கார்ந்தார்கள். பூந்தமல்லி அருகே அவர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் போட்ட உணவு நஞ்சாகி, 250க்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்கு ஆளாயினர். 159 பேர் மருத்துவமனையில் கிடந்தனர். உடன் வேலை செய்தவள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று சொல்லவும் ஆளில்லாத நிலையில், அந்தப் பெண்கள் சாலைக்கு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. மறுபடி அது திறந்தது 2022 ஜனவரி 12ஆம் நாள்.

அந்தப் பெண்கள் கேட்ட கேள்வியை ஒரு வரியில் சொல்லிவிடலாம். உழைப்பவனின் சோற்றுக்கு யார் பொறுப்பு? அதற்கு நூறாண்டுக்கு முன்பே விடை எழுதியவர் ஒருவர் சென்னையில் இருந்தார். விடையை மேடையில் முழங்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் எழுதினார். அவர் பெயரில் நகரம் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, ரிப்பன் மாளிகை வளாகத்தில் சிலை இருக்கிறது. சேலை வாங்கத் தியாகராய நகர் போகிறவர்கள் கோடிப் பேர். அந்தத் தியாகராயர் யார் என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்?

பிட்டி தியாகராயர் 1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பிறந்தார். நெசவுக் குடியில் பிறந்தவர். அந்தக் காலத்தில் அந்தக் குடியிலிருந்து கல்லூரிப் படி ஏறுவது எளிதன்று. அவர் ஏறினார், மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவர்கள் எல்லாம் அன்று வெள்ளையன் அலுவலகத்தில் நாற்காலி தேடி ஓடினார்கள். இவர் தறியைத் தேடிப் போனார். விசைநாடாத் தறிகளை வைத்து நெசவு நடத்தினார். அவருடைய கைக்குட்டைகள் பிட்டி என்ற பெயராலேயே கடல் கடந்தும் அறியப்பட்டன.

ஆகவே அவர் ஒரு முதலாளி. அதை நாம் மறைக்கவில்லை, மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. வெள்ளையர் அரசு கொடுத்த சர் பட்டத்தையும் ஏற்றுக்கொண்டவர். 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது நீதிக்கட்சித் தலைவர்கள் நடந்துகொண்ட முறை ஆதிதிராவிடத் தோழர்களின் மனத்தைப் புண்படுத்தியது என்பதும், எம்.சி. ராஜா 1923இல் அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார் என்பதும் வரலாறு. தலைவர் ஒருவரைப் போற்றுவதற்காக அவர் காலத்துக் குறைகளைத் துடைத்துப் போடுவது நம் வழக்கமாக இருக்கக் கூடாது. குறையோடும் நிறையோடும் பார்த்தாலும் உயர்ந்து நிற்கிற மனிதர் அவர்.

உடுத்தியது எப்போதும் வெள்ளை. வெள்ளை வேட்டி, வெள்ளை மேலங்கி, வெள்ளைத் தலைப்பாகை. அதனால் வந்தது வெள்ளுடை வேந்தர் என்ற பெயர். ஆனால் அந்த வெள்ளுடை அழுக்குப் படாமல் மாளிகையிலேயே உலவிய உடை அன்று. 1882ஆம் ஆண்டு சென்னை நகராட்சி மன்றத்துக்குள் நுழைந்தவர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். நாற்பது ஆண்டு! இன்று ஒரு பதவியில் ஐந்தாண்டு இருந்தாலே அடுத்த பதவிக்கு மனம் தாவுகிறது. குப்பை, சாக்கடை, குழாய்த் தண்ணீர், தெரு விளக்கு, தொடக்கப்பள்ளி - இவையே நகராட்சி மன்றத்துப் பேச்சு. இவற்றில் காவியம் இல்லை, கைதட்டலும் இல்லை. ஆனால் ஏழையின் வீட்டுக் கதவைத் தட்டுகிற அரசாங்கம் எது என்றால் அதுதான். சாக்கடைக் கணக்கு பார்த்துப் பழகிய கண்தான் பின்னாளில் பள்ளிப் பையன் வயிற்றையும் பார்த்தது என்பது நம் கருத்து.

தொடக்கத்தில் அவர் காங்கிரசில் இருந்தவர். கோயிலுக்கும் கொடுத்தவர். ஒரு கோயில் குடமுழுக்குக்குப் பத்தாயிரம் ரூபாய் வழங்கிய அவருக்கு விழா மேடையில் இடம் மறுக்கப்பட்டது என்றும், அவரிடம் ஊழியம் பார்த்தவர் பிறப்பின் காரணமாக மேடையில் அமர்ந்திருந்தார் என்றும் நம் இயக்கத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவர். கொடுத்தவன் கீழே, வாங்கியவன் மேலே! அந்த ஒருநாள் அவமானம் மட்டுமே ஒரு கட்சியைப் பெற்றுவிடவில்லை. அலுவலகங்களில், கல்லூரிகளில், சட்டமன்றத்தில் அன்றாடம் நடந்த அவமானங்கள் திரண்டன. 1916ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் சென்னையில் கூடிய தலைவர்கள் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். தியாகராயரும் டாக்டர் டி.எம். நாயரும் ஒரு காலத்தில் நகராட்சி மன்றத்தில் எதிரும் புதிருமாக நின்றவர்கள். அவர்கள் இருவரையும் ஒன்றாக அமர வைத்த பெருமை டாக்டர் நடேசனாருக்கு உரியது. அந்த ஆண்டு டிசம்பரில் தியாகராயர் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் அறிக்கை நாட்டைக் குலுக்கியது. அடுத்த ஆண்டு ஜஸ்டிஸ் ஏடு பிறந்தது. ஏட்டின் பெயரே கட்சிக்கும் பெயராயிற்று.

1920ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்தக் கட்சி வென்றது. ஆளுநர் வெலிங்டன் பிரபு அழைத்தார், அமைச்சரவை அமைக்க. கட்சித் தலைவர் அல்லவா, போயிருக்க வேண்டும். தியாகராயர் போகவில்லை. கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல்வரானார். பின்னர் பனகல் அரசர் வந்தார். தலைவரோ நகராட்சி மன்றத்திலேயே இருந்தார். பதவி கதவைத் தட்டியபோது திறக்காதவர்கள் நம் நாட்டு வரலாற்றில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

அப்போது அவர் சென்னை நகராட்சி மன்றத்தின் தலைவர். அரசு அலுவலர் அல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதல் முறை. நாம் சொல்ல வந்த செய்தி இங்கேதான் தொடங்குகிறது.

ஆயிரம் விளக்கில் ஒரு நகராட்சிப் பள்ளி. பள்ளி இருந்தது, வாத்தியார் இருந்தார், கரும்பலகை இருந்தது. பையன்கள் வருவதில்லை. வந்தாலும் நிலைப்பதில்லை. ஏன் வரவில்லை? அக்கறையில்லாத பெற்றோர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அப்படிச் சொன்ன அறிவாளிகள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். தியாகராயர் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் ஏழைகள், அந்த வறுமைதான் பள்ளியின் எண்ணிக்கையைக் குறைக்கிறது என்று மன்றத்தில் எடுத்து வைத்தார். நோயைச் சரியாகச் சொன்னவர், மருந்தையும் சொன்னார். அந்தப் பள்ளி மாணவர்களுக்குச் சிற்றுண்டி கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு செய்யலாம். 1920ஆம் ஆண்டு நகராட்சி மன்றம் அதை ஏற்றது.

ஓர் அணா என்றால் என்ன என்று இன்றைய இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஒரு ரூபாயில் பதினாறு பிள்ளைகள் பசியாறலாம்! அன்று அந்த நாட்டை ஆண்டவர்களின் விருந்து மேசையில் ஒரு புட்டிக்கு ஆகிற செலவில் ஒரு வகுப்பறை முழுதும் சாப்பிட்டிருக்கும்.

திட்டம் பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. பலன் என்ன? ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922-23இல் இருந்த பிள்ளைகள் 811. 1924-25இல் 1,671. இரண்டே ஆண்டில் இரு மடங்குக்கும் மேல்! அந்த 811 பிள்ளைகளில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் ஓரணா வீதம் போட்டாலும் ஒரு நாளைக்கு 50 ரூபாய் 11 அணா. 1,671 பேருக்கும் போட்டாலும் 104 ரூபாய் 7 அணா. அறிவொளி பரப்ப இதைவிட மலிவான விளக்கு உண்டா?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோறு போடுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. சத்திரங்கள் இருந்தன, மடங்கள் இருந்தன, திருவிழாக்களில் அன்னதானங்கள் நடந்தன. சுங்குவார்சத்திரம் என்ற பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. ஆனால் தருமச் சோறு கொடுப்பவன் மனம்போல வரும். மனம் மாறினால் நிற்கும். யாருக்கு எந்தப் பந்தி, யார் உள்ளே, யார் திண்ணையில் என்பதையும் அவனே முடிவு செய்வான். தியாகராயர் அதே ஓரணாவைத் தம் சொந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம், கொடுக்கக்கூடிய செல்வர்தான். அப்படிச் செய்திருந்தால் ஊர் அவரை வள்ளல் என்றிருக்கும், அவர் மறைந்த மறுநாள் பானை கவிழ்ந்திருக்கும். அவர் செய்தது வேறு. தீர்மானம் கொண்டுவந்தார், வாக்குப் பெற்றார், நகராட்சியின் வரவு செலவில் ஒரு வரியாக எழுதினார். அந்த நொடியில் பிள்ளையின் பசி, தெருவிளக்கைப் போல, குடிதண்ணீரைப் போல, ஊரார் பொறுப்பாயிற்று. வாங்கித் தின்ற பிள்ளை யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

அதே ஆண்டுகளில் சேரன்மாதேவியில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதுமக்கள் பணத்தில் நடந்த குருகுலம். தேசபக்தி பேசிய குருகுலம். அங்கே பார்ப்பனப் பிள்ளைக்குத் தனிப் பந்தி, மற்றப் பிள்ளைக்குத் தனிப் பந்தி. 1924-25இல் பெரியாரும் டாக்டர் வரதராசலுவும் அதை எதிர்த்து எழுப்பிய குரல் தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிவிட்டது. சோற்றுத் தட்டுக்கு இருக்கிற ஆற்றல் அவ்வளவு.

இவ்வளவு நன்றாக நடந்த ஓரணாத் திட்டம் என்ன ஆயிற்று? சொல்லவே வேதனையாக இருக்கிறது. அரசாங்கம் ஆட்சேபம் எழுப்பியது. பிள்ளைகள் சாப்பிட்டது தவறு என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எந்தக் கொடுங்கோலனுக்கும் நாக்கு எழாது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவு செய்யக்கூடாது, அவ்வளவுதான்! 1925ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து அந்தச் செலவு தடுக்கப்பட்டது. சுண்ணாம்புக் கட்டிக்குச் செலவு செய்யலாம், எழுதுகிற கை நடுங்காமல் இருக்கச் செலவு செய்யக்கூடாது. பானை கவிழ்ந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கையும் சரிந்தது.

அதே 1925இல் தியாகராயரும் கண்மூடினார். வயது எழுபத்து மூன்று.

அவர் பெயரில் எழுந்த நகரைப் பற்றியும் ஒரு சொல். தியாகராய நகர் எழுந்த இடம் 1920களின் தொடக்கம்வரை ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாக நீண்டு கிடந்த பெரிய ஏரியை வடித்து, மேடாக்கி, மனை போட்டு, தெரு அமைத்தார்கள். நகரம் வளர வீடு வேண்டும்தான். ஆனால் ஒரு பிள்ளையின் வயிற்றை நினைத்தவர் பெயரை, நெல் விளைவித்த நீரைத் துரத்திவிட்டு எழுந்த நகருக்கு வைத்தார்களே, காலத்தின் குறும்பு அது!

ஏரியைச் சொன்னதும் திருப்பெரும்புதூர் நினைவுக்கு வருகிறது. செங்கற்பட்டுச் சீமை ஏரிச் சீமை. செம்பரம்பாக்கம், பிள்ளைப்பாக்கம், திருப்பெரும்புதூர் என்று ஊருக்கு ஓர் ஏரி. ஏரிக்குக் கீழே நெல், மேட்டில் வேர்க்கடலை, கேழ்வரகு. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டைக்குக் கார் ஆலை வந்தது. பிறகு ஒரகடம், வல்லம், வடகால் என்று ஆலைகள் பரவின. வேலை வந்தது, அதை வரவேற்கிறோம். வரவேற்காமல் இருக்க நாம் ஏர் பிடிக்காத வீட்டில் பிறந்தவர்கள் அல்லர், ஏர் பிடித்துக் கடனில் மூழ்கியவர்களைப் பார்த்தவர்கள். ஆனால் ஒன்று நடந்துவிட்டது. தன் வயலில் விளைந்த கேழ்வரகைத் தின்ற குடும்பத்துப் பிள்ளை, அதே மண்ணில் எழுந்த ஆலைக்கு வெளியே, எங்கோ அரைத்த மைதாவைப் பரோட்டாவாகத் தின்கிறான். கூலி பெருகியது, தட்டு மெலிந்தது. நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. மைதாவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இது இன்று கண்ட புதுமையும் அன்று. தியாகராயர் சென்னையில் ஓரணாக் கணக்கு எழுதிய காலத்திலேயே நீலகிரியில் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் உணவு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அவர் பின்னர் செய்த சோதனை ஒன்று உழைப்பாளிகள் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. எலிகளைப் பிரித்து, இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய் தின்ற பஞ்சாப்பு எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. தீட்டிய அரிசியை மட்டும் நம்பிய சென்னை எலிகள் கடைசி வரிசையில் மெலிந்து நின்றன. இங்கிலாந்து ஏழைத் தொழிலாளியின் உணவான வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரை போட்ட தேநீர், டப்பா இறைச்சி ஆகியவற்றை இன்னொரு கூட்டத்துக்குக் கொடுத்தார். அவை நோஞ்சானாயின, அதோடு நில்லாமல் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன, வலுவற்றதைக் கொன்று தின்றன! பன்னும் தேநீருமாக நிற்கும் நம் தோழர்கள் அந்த எலிகளை ஒரு கணம் நினைக்கட்டும்.

அரிசி குற்றவாளி அன்று, அதைத் தீட்டித் தீட்டி வெளுப்பாக்குகிற ஆசைதான் குற்றவாளி. தவிட்டில் இருக்கிற சத்தை நெல்லைப் புழுக்கும்போது நீராவி அரிசிக்குள் செலுத்திவிடுகிறது. நம் பாட்டிமார்கள் புழுங்கலரிசிச் சோறு ஆக்கியதில் இருந்த அறிவு அது. இன்று தமிழ்நாட்டில் பங்கீட்டுக் கடை உண்டு, அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, பட்டினிச் சாவு என்ற சொல்லே இளைஞர்களுக்குப் புரியாது. பெரும் சாதனைதான். ஆனால் 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை என்று சொல்லிற்று. வயிறு நிறைந்திருக்கிறது, இரத்தம் ஊறவில்லை.

கவிழ்ந்த பானை மீண்டும் எப்படி நிமிர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சென்னையில் சில பள்ளிகளில் அது மீண்டும் தலைகாட்டியது. மாநிலம் முழுதும் பரவ 1956ஆம் ஆண்டு காமராசர் வரவேண்டியிருந்தது. அவர் வேறு கட்சி; ஆனாலும் பசித்த பிள்ளைக்கு முன் கட்சி என்ன, கொடி என்ன! 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989இல் கலைஞர் அந்தத் தட்டில் முட்டையை வைத்தார். முதலில் இரு வாரத்துக்கு ஒன்று, பின்னர் வாரத்துக்கு ஒன்று, 2010இல் வாரத்துக்கு ஐந்து. அந்தத் திட்டத்தில் உடல்வளர்க்கும் சத்து அதனால் கூடியது. நாமும் தட்டேந்தி வரிசையில் நின்று படித்தவர்கள்தாம். முட்டை நாளில் வகுப்பில் ஒரு பையன்கூடக் காய்ச்சலில் படுத்ததில்லை!

2013இல் அதே சென்னை மாநகராட்சி ஓர் இட்டலி ஒரு ரூபாய்க்கு உணவகம் திறந்தது. அதையும் சேர்த்தே சொல்கிறோம். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கியது, 1,545 பள்ளிகளில். 2023 ஆகஸ்டு 25ஆம் நாள் திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பரவியது. உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறிச் சாம்பார். சமைக்கிறவர்கள் மகளிர் சுய உதவிக் குழுத் தாய்மார்கள். பலருடைய சொந்தப் பிள்ளையே அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கும். தன் பிள்ளை தின்கிற சாம்பாரில் எந்தத் தாயும் தண்ணீர் கலக்கமாட்டாள். ஆயிரம் விளக்கில் தியாகராயர் தொடங்கியதும் சிற்றுண்டிதான். 102 ஆண்டு கழித்து அதே சிற்றுண்டி.

பள்ளிப் பிள்ளைக்கு இந்தக் காவல் எல்லாம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை வளர்ந்து, பதினெட்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரகடத்துக்கு வந்ததும் அந்தக் காவல் ஏன் அறுந்து போகிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவுக்கூடம் வேண்டும் என்றது. அதை நடத்தும் குழுவில் தொழிலாளியின் பிரதிநிதி இருக்கவேண்டும் என்றும் சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த தொகுப்புச் சட்டம் 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் 100 பேர் என்று எண்ணிக்கை குறைந்திருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியும் அந்த எண்ணிக்கையில் சேர்வார். இது நல்லதே. ஆனால் குழுவில் நம் ஆள் உட்காருகிற பழைய உரிமை புதிய விதிகளில் எந்த வடிவில் நிற்கிறது என்பதைத் தொழிற்சங்கத் தோழர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டும்.

இதில் ஒரு பொத்தல் இருக்கிறது. 2021இல் நஞ்சானது ஆலைக்குள்ளே இருந்த உணவுக்கூடத்துச் சோறு அன்று, விடுதிச் சோறு. ஆலை ஓரிடம், விடுதி ஓரிடம், ஆள் அனுப்புகிற ஒப்பந்தக்காரர் ஓரிடம், சமையல் குத்தகைக்காரர் ஓரிடம். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் காட்டலாம். 1925இல் எந்த நிதியிலிருந்து என்று கேட்டுப் பானையைக் கவிழ்த்தார்களே, அதே விளையாட்டு! அன்று கல்வி நிதி ஒதுங்கிக்கொண்டது, இன்று ஆலை ஒதுங்கிக்கொள்கிறது. சோறு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பது முடிவாகாதவரை, அது யாருடைய சோறும் அன்று.

2024 ஆகஸ்டு 17ஆம் நாள் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக அரசின் சிப்காட் நிறுவனம் கட்டிய குடியிருப்பு திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். கூரைக்குப் பொதுப்பணம் வந்துவிட்டது. 18,720 பேர் என்றால் ஒரு சிற்றூர் அன்று, ஒரு நகரம்! அந்த நகரத்துக்கு நாள்தோறும் எத்தனை மூட்டை அரிசி, எத்தனை கூடை கீரை, எத்தனை முட்டை! அந்தக் கீரை திருப்பெரும்புதூர் ஏரிக்குக் கீழே மிஞ்சியிருக்கிற நிலத்தில் விளையலாம். அந்தக் கேழ்வரகைத் திருவண்ணாமலையில் அந்தப் பெண்ணின் தகப்பனாரே விளைவித்து அனுப்பலாம். வாங்குகிறவன் உறுதியாக நின்றால் விளைவிக்கிறவன் ஏன் வேர்க்கடலை நிலத்தை மனைக்கு விற்கப் போகிறான்? காலையில் பன்னுக்குப் பதில் ஒரு குவளை கூழ், மதியம் கீரை, வாரத்துக்கு ஐந்து முட்டை. பள்ளிப் பிள்ளைக்கு முடிந்தது, ஆலைப் பெண்ணுக்கு முடியாதா?

தியாகராயர் இருந்திருந்தால் முதலில் கணக்கைத்தான் கேட்டிருப்பார். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு, யார் தலையில், யார் பார்வையில் என்று. அவர் இல்லை; நாம் இருக்கிறோம். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் பகுதிக் கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் ஆலை உணவுக்கூடத்துச் சுவரைப் பாருங்கள். உங்கள் விடுதிச் சாப்பாட்டு அறைச் சுவரையும் பாருங்கள். உணவுக் குழு உறுப்பினர்களின் பெயர்கள் அங்கே ஒட்டப்பட்டிருக்கின்றனவா? அதில் வேலை செய்கிறவர் பெயர் எத்தனை, பெண்கள் பெயர் எத்தனை, ஒப்பந்தத் தொழிலாளி பெயர் உண்டா? வாரத்துக்கு எத்தனை நாள் கீரை, எத்தனை நாள் முட்டை? ஓர் ஆளுக்கு எவ்வளவு பிடித்தம்? எண்ணி, தேதி போட்டு, நமக்கு எழுதுங்கள். ஆலைவாரியாக இந்தப் பத்தியில் வெளியிடுவோம்.